எர்னிங்ஸ் வேறு, வருவாய் வேறு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய டெக் கம்பெனிகள் கணக்கு வெளியிட்டதும் 'வருவாய் வளர்ச்சி' என்று தலைப்பு வந்துவிடுகிறது. உள்ளே படித்தால் ஒரு வரியில் வருவாய் என்பது ரெவன்யூ, அடுத்த வரியில் எர்னிங்ஸ். எது எதுவென்று வாசகர்தான் ஊகிக்க வேண்டும்.

ரெவன்யூ என்பது விற்று வந்த மொத்தப் பணம். எர்னிங்ஸ் என்பது சரக்கு, சம்பளம், வட்டி, வரி எல்லாம் போக மிஞ்சுவது. வரு, வாய் சேர்ந்தது வருவாய். வாய் என்றால் வழி. பணம் வரும் வழி ரெவன்யூவுக்குச் சரி, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆப்பிளின் 2024 நிதியாண்டைப் பாருங்கள். விற்பனை 383 பில்லியன் டாலரிலிருந்து 391 பில்லியனுக்கு ஏறியது. நிகர லாபமோ 97 பில்லியனிலிருந்து 93.7 பில்லியனுக்கு இறங்கியது. அயர்லாந்து வரி வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு பாதகமாகி, பழைய வரி மொத்தமாகத் தலையில் விழுந்தது. இதை நம்மவர்கள் நடையில் எழுதினால் 'வருவாய் கூடியது, வருவாய் குறைந்தது' என்றாகும். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். "டர்ன்ஓவர் கிடக்கட்டுங்க, செலவு போகக் கையில என்ன நிக்குது?" என்பார். அந்தக் கையில் நிற்பதுதான் எர்னிங்ஸ்.

தனித்தமிழ் அன்பர்கள் 'ஈட்டம்' என்கிறார்கள். லாபம் என்று சொல்லக் கூடாதாம், அது வடசொல்லாம். குறளில் ஈட்டம் இருக்கிறது, ஆனால் அங்கே அது பொருளைச் சேர்த்துக் குவிப்பது. செலவு கழித்த மிச்சம் அல்ல. போதாததற்கு, லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிவிடெண்டுக்கு 'ஈவு' என்று ஏற்கெனவே வைத்தாயிற்று. ஈட்டமும் ஈவும் ஒரே பத்தியில் வந்தால் எது கம்பெனிக்கு, எது பங்குதாரருக்கு? குறளிலேயே பொருத்தமான சொல் ஊதியம்தான்: 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை'. அதை நாம் சம்பளத்துக்குக் கொடுத்துவிட்டோம். 'ஆப்பிளின் ஊதியம் உயர்ந்தது' என்றால் ஊழியர்களுக்குச் சம்பளம் கூடியதாகத்தான் நினைப்பார்கள். ஆகவே லாபமே இருக்கட்டும். ஈரோட்டு மஞ்சள் மண்டியிலும் கோவை பவுண்டரியிலும் புரியும்.

அகராதியைப் புரட்டி முதலில் அகப்பட்ட சொல்லை ஒட்டுகிறவர்கள் செய்திருக்கும் பெரிய வினை 'விலை-வருவாய் விகிதம்'. ஆங்கிலத்தில் பிரைஸ்-எர்னிங்ஸ் ரேஷியோ: பங்கு விலையை ஒரு பங்குக்குரிய எர்னிங்ஸால் வகுத்தால் வருவது. குறைவாக இருந்தால் பங்கு மலிவு என்பார்கள். தமிழ்ப் பெயரை அப்படியே நம்பி ஒருவர் கணக்குப் போடுகிறார் என்று வையுங்கள். அதே ஆண்டில் ஆப்பிளின் ஒரு பங்குக்கு லாபம் 6.08 டாலர், விற்பனை ஏறத்தாழ 25 டாலர். பங்கு விலை 200 டாலர் என்றால் உண்மையான விகிதம் 33. வருவாயால் வகுத்தவருக்கு வருவது 8. அடடா, கொள்ளை மலிவு என்று வாங்கிப் போட்டுவிடுவார். 'விலை-லாப விகிதம்' என்று எழுதினால் என்ன? இரண்டு எழுத்து மிச்சம்கூட.