எல்லாமே அலர்ஜி இல்லை

"ஏதாவது மருந்து அலர்ஜி உண்டா?" நோயாளிகளிடம் நான் தினமும் கேட்கிற கேள்வி. ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா, கேட்டு முடிக்கும் முன்பே "பென்சிலின் ஆகாது டாக்டர்" என்றார். கையிலிருந்த பழைய சீட்டுகளிலும் சிவப்பு மையில் அதுவே எழுதியிருந்தது. போட்டபோது என்ன ஆனது என்று கேட்டேன்.

"சின்ன வயசுல காய்ச்சலுக்குக் கொடுத்தாங்களாம். வயித்தால போச்சுன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

தடிப்பு? மூச்சுத்திணறல்? முகம், உதடு வீக்கம்? எதுவுமே இல்லை.

வயிற்றுப்போக்கு அந்த மருந்தின் பக்கவிளைவு, அலர்ஜி அல்ல. ஆனால் ஒருமுறை சீட்டில் ஏறிய அந்தச் சொல், அவருக்கு ஏற்ற எளிய மருந்துகளை இத்தனை வருடமாகத் தடுத்துவிட்டது.

இந்தச் சொல் பிறந்தது 1906-ல். வியன்னாவைச் சேர்ந்த குழந்தைகள் மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே உருவாக்கியது. கிரேக்க மொழியில் 'அல்லோஸ்' என்றால் வேறு, 'எர்கோன்' என்றால் செயல். அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊசியாகப் போடுவார்கள். முதல் ஊசிக்குப் பிறகு பல நாள் கழித்துத்தான் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தன. அதே குழந்தைகளுக்கு மறுபடி போட்டால் மிகச் சீக்கிரமே வந்தன. பிர்கேவும் உடன் பணியாற்றிய பேலா ஷிக்கும் இதை உன்னிப்பாகக் கவனித்தார்கள். முதலில் பார்த்ததை உடம்பு நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை வேறு விதமாக நடந்துகொள்கிறது. அந்த 'வேறு விதமான செயல்'தான் அலர்ஜி. நன்மை, தீமை இரண்டையும் சேர்த்தே பிர்கே அப்படிச் சொன்னார். இன்று பொருள் குறுகிவிட்டது. தீங்கில்லாத ஒரு பொருளை எதிரி என்று எடுத்துக்கொண்டு நோய் எதிர்ப்பு மண்டலம் பாய்வதை மட்டுமே மருத்துவத்தில் அலர்ஜி என்கிறோம்.

தமிழில் ஒவ்வாமை. எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் கொஞ்சம் அகலமானது. ஒவ்வாதது எல்லாம் அதில் அடங்கிவிடும். பால் குடித்தால் வயிறு உப்பி, வாயு சேர்கிறவர்கள் பெரும்பாலும் பால் அலர்ஜி என்றே சொல்வார்கள். பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்தாலும் அப்படி ஆகும். அவர்கள் கொஞ்சம் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நிஜமான பால் அலர்ஜியில் எதிர்ப்பு பால் புரதத்துக்கு. அங்கே ஒரு வாய்கூட ஆபத்தாகலாம்.

பேச்சில் இந்தச் சொல் இன்னும் தூரம் போய்விட்டது. "கணக்குன்னாலே எனக்கு அலர்ஜி", "அவரைக் கண்டாலே அலர்ஜி" என்கிறோம். சரி, பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குக் கவலை வேறு. பிடிக்காதது, செரிக்காதது எல்லாவற்றுக்கும் இதே சொல் என்றாகிவிட்டதால், வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தையின் தாய் எவ்வளவு சொன்னாலும் "கொஞ்சம் கொடுத்தா ஒண்ணும் ஆகாது" என்று ஊட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடும் நாக்கும் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ அது உயிர் பறிக்கும் அலர்ஜி. அதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

பென்சிலின் அலர்ஜி என்று சீட்டில் இருப்பவர்களை முறையாகப் பரிசோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்து ஒத்துக்கொள்கிறது. சிலருக்கு ஆரம்பத்திலிருந்தே அலர்ஜி இல்லை, சிலருக்கு வருடங்கள் போகப்போக விட்டுவிடுகிறது. அதற்காக வீட்டிலேயே விழுங்கிப் பார்க்கக் கூடாது. மருத்துவரிடம் பெயரை மட்டும் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள்: எந்த மருந்து, எத்தனை மணி நேரத்தில், என்ன வந்தது, எப்படி அடங்கியது. தடிப்பின் போட்டோ இருந்தால் இன்னும் நல்லது.

அந்த அம்மாவுக்கு மருத்துவமனையில், எல்லா முன்னேற்பாடும் செய்துவிட்டு, பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் ஒரு வேளை கொடுத்துப் பக்கத்திலேயே இருந்து பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. பழைய சிவப்பு வரியை அடித்துவிட்டு, கீழே தேதி போட்டு எழுதினேன்: "பென்சிலின் அலர்ஜி இல்லை. சிறு வயதில் வயிற்றுப்போக்கு மட்டும்." அப்புறம் அவர் அந்தச் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.