வியாருஸ்: விட்டுப் போகாத பழைய வீரர்

போலிஷ் மொழியில் 'வியாரா' என்றால் நம்பிக்கை, சமய விசுவாசம். அதிலிருந்து பிறந்த சொல் 'வியாருஸ்': பல போர் கண்ட பழைய படைவீரர். கூடச் சண்டையிடும் ஆட்களையே 'வியாரா' என்று அழைப்பதும் உண்டு, நாம் 'நம்ம பசங்க' என்பது போல. ஆக, வெறும் வயதையும் அனுபவத்தையும் மட்டும் குறிக்கிற சொல் இல்லை இது.

இதை நான் முதலில் பார்த்தது ஒரு பத்திரிகையின் பெயராக. அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள வினோனா நகரில் 1886-ல் தொடங்கிய போலிஷ் வார இதழ் அது. மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்ய அந்த ஊருக்கு வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் கஷூபியர்கள். பால்டிக் கடலோரத்தில் தனி மொழி பேசும் சிறிய இனத்தார். இதழைப் பல்லாண்டு நடத்திய ஹியரோனிம் டெர்டோஃப்ஸ்கியும் கஷூபியர்தான். 1852-ல் வியேலே என்ற ஊரில் பிறந்தவர். அப்போது போலந்து என்றொரு நாடே வரைபடத்தில் இல்லை. அவர் ஊர் பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்தது.

1880-ல் தொருன் நகரில், கஷூபியன் மொழியில் அவர் எழுதிய நெடுங்கவிதை அச்சானது. சோர்லின்ஸ்கி என்பவர் வலை வாங்க புட்ஸ்க் ஊருக்குப் போகும் கதை. மீன்பிடிக்கிற, ஏழைச் சனங்களின் பேச்சு என்று தள்ளிவைக்கப்பட்ட மொழியில் ஒரு காவியமே எழுதலாம் என்று அவர் காட்டியது எனக்குப் பெரிய விஷயம். போலந்து இல்லாமல் கஷூபியா இல்லை, கஷூபியா இல்லாமல் போலந்தும் இல்லை என்ற அவர் வரியை இன்றும் அங்கே சொல்கிறார்கள். தாய்மொழி, நாடு இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்ட மனிதர். 1902-ல் வினோனாவிலேயே இறந்தார். கஷூபியன் மொழிக்குப் போலந்துச் சட்டம் வட்டார மொழி என்ற தகுதியைத் தந்தது 2005-ல்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'முன்னாள் படைவீரர்' பொருந்தாது. அது ஓய்வுபெற்றவரைக் குறிக்கும். 'விசுவாசி' என்றால் கோயிலுக்குள் போய்விடும். ஆனால் 'விசுவாசம்' தமிழிலும் சமய நம்பிக்கை, மாறாத பற்று என்ற இரண்டையும் சுமக்கிறது. வியாராவுக்கு அது நெருங்கிய உறவு. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் 'தொல்படை' என்ற சொல் இருக்கிறது: தோற்கும் நேரத்திலும் அஞ்சாமல் நிற்கும், வழிவழியாக வந்த படை. நான் அதையே எடுத்துக்கொள்வேன். இதழைச் சொல்லும்போது 'வியாருஸ்' என்றே இருக்கட்டும். பொருள் எழுத வேண்டிய இடத்தில் 'தொல்படை வீரர்'.