பாதி டிஸ்க் எங்கே போச்சு?

திருப்பூரில் பனியனுக்குப் பிரிண்ட் டிசைன் போட்டுத் தரும் சின்ன யூனிட் அது. விண்டோஸ் 7 ஓடும் பழைய டெஸ்க்டாப்பில் 500 ஜிபி டிஸ்க் நிறைந்துவிட்டது. உரிமையாளர் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். சிபியு மூடியைக் கழற்றினால் உள்ளே பஞ்சுத் தூசி, ஃபேன் இறக்கையில் கம்பளிபோல் அப்பியிருந்தது. மாட்டுகிற வேலையைவிட அதைப் பிரஷ்ஷால் எடுப்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

முன்பு ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறை இருந்த காலத்தில் ஒரே பட்டைக் கேபிளில் இரண்டு டிஸ்க் தொங்கும். எது மாஸ்டர் (முதலாவது), எது ஸ்லேவ் (இரண்டாவது) என்று டிஸ்க்கில் ஜம்பர் என்ற சின்னச் செருகியை மாற்றிச் சொல்லவேண்டும். அதற்குப் பின் வந்த சாட்டா இணைப்பில் டிஸ்க்குக்கு ஒரு போர்ட் என்பதால் அந்தப் பஞ்சாயத்து இல்லை. டேட்டாவுக்கு ஒரு கேபிள், பவருக்கு ஒரு கேபிள், அவ்வளவுதான். பார்க்கவேண்டியது கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்பதுதான். தட்டு சுழலத் தொடங்கும் சில நொடிகளில் டிஸ்க் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். வேகம் பிடித்தபின் குறைந்துவிடும்.

சரி, ஆன் செய்தோம். டிஸ்க் சுழல்கிறது, விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸில் பெயரும் வருகிறது, மை கம்ப்யூட்டரில் மட்டும் காணோம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்ததும், டிஸ்க்கின் பாகங்களைக் குறித்துவைக்கும் முறை எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்டது. முன்கூட்டியே எம்பிஆரில் புள்ளி இருந்ததால் அவசரத்தில் ஓகே கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம் 2048 ஜிபி, இன்னொரு பக்கம் எதுவும் செய்யமுடியாத 1678 ஜிபி என்று பட்டை இரண்டாகப் பிரிந்து நின்றது.

"ஏந் தம்பி, நாலு டிபிக்குத்தான காசு குடுத்தேன்?" என்றார்.

இரண்டையும் கூட்டினாலே 3726தான் வரும். அது ஏமாற்று இல்லை. டிஸ்க் செய்கிறவர்கள் 4 லட்சம் கோடி பைட்டை 4 டிபி என்கிறார்கள். விண்டோஸ் அதையே மூன்று முறை 1024-ஆல் வகுத்து ஜிபியாகக் காட்டுகிறது.

பாதி முடங்கியது வேறு கதை. எம்பிஆர் 1983-இல் வந்தது; அப்போது ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் இருந்த டிஸ்க் 10 எம்பி. டிஸ்க்கை 512 பைட் துண்டுகளாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எந்தப் பாகம் எங்கே தொடங்குகிறது, எத்தனை துண்டு நீளம் என்று எழுதிவைக்கும் பதிவேடு அது. எண் எழுதும் கட்டத்தின் அகலம் 32 பிட். அதற்குள் அடங்குவது 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் துண்டுகள். 512-ஆல் பெருக்கினால் அச்சு அசலாக 2048 ஜிபி. அதைத் தாண்டினால் நிலம் இருக்கும், சர்வே நம்பர் இருக்காது. ஜிபிடியில் அந்தக் கட்டம் 64 பிட்.

டிஸ்க் காலிதான் என்பதால் பிழைத்தேன். வால்யூமை அழித்து, ஜிபிடிக்கு மாற்றி, ஃபார்மேட் செய்ததும் முழு இடமும் ஒரே பட்டையாக வந்தது. பழைய பயாஸில் விண்டோஸ் 7 ஜிபிடி டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது, அதாவது கிளம்பாது. டிசைன் போட்டுவைக்க மட்டும் என்பதால் நமக்குக் கவலையில்லை.

அப்புறம் ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை. பயாஸ் புது டிஸ்க்கை முதல் வரிசையில் உட்காரவைத்து, அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருந்தது. பூட் வரிசையில் பழையதை மேலே ஏற்றியதும் வழக்கமான திரை வந்தது.