53 விழுக்காடு: முன்னுணர்வைச் சோதித்தவர்கள் கண்டுபிடித்தது என்ன?

ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வாசலில் வந்து நின்றால் "உனக்கு ஆயுசு நூறு" என்று சொல்வது நம் வழக்கம். பேசப்பட்டவர் வராமலே போன எத்தனையோ வேளைகளைக் குறிக்க நம்மிடம் சொல்வழக்கு ஏதும் இல்லை. வந்தது நினைவில் தங்குகிறது. வராதது நிகழ்ச்சியாகவே மனத்தில் பதிவதில்லை. டெலிபதி (ஒருவர் மனத்தில் உள்ளதை இன்னொருவர் புலன்களின் துணையின்றி அறிவது), முன்னுணர்வு (நடக்கப்போவதை முன்பே உணர்வது), பலித்த கனவு ஆகியவற்றின் மீதுள்ள நம்பிக்கையில் பெரும்பகுதி இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் நிற்கிறது. ஆகவே ஒருவருடைய அனுபவம் அவருக்கு எவ்வளவு மெய்யாகத் தோன்றினாலும் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. பலிக்காத வேளைகளையும் விடாமல் எண்ணும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

அத்தகைய ஏற்பாட்டை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. பி. ரைன். தாவரவியல் பயின்று உளவியல் பக்கம் வந்த அவர், கார்ல் ஜீனர் என்ற சக உளவியலாளர் வடிவமைத்த அட்டைகளைப் பயன்படுத்தினார். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடுகள், சதுரம், விண்மீன் ஆகிய ஐந்து குறிகளில் ஒவ்வொன்றும் ஐந்து முறை வருமாறு ஒரு கட்டில் 25 அட்டைகள் இருக்கும். எதுவும் தெரியாமல் குத்துமதிப்பாகச் சொல்பவருக்கும் சராசரியாக ஐந்து அட்டைகள் சரியாக அமையும். எனவே ஐந்துக்கு மேல் எவ்வளவு, எத்தனை முறை என்பதே கேள்வி. 1933-34இல் ஹூபர்ட் பியர்ஸ் என்ற மாணவர் நூலகத்தில் அமர்ந்து, வேறொரு கட்டடத்தில் ரைனின் உதவியாளர் ஜே. ஜி. பிராட் ஒவ்வொன்றாக எடுத்து வைத்த அட்டைகளைக் கணித்து எழுதினார். மொத்தம் 1850 அட்டைகளில் 370 சரியாக இருந்திருக்க வேண்டும். 558 சரியாக இருந்தன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தற்செயலாக இப்படி அமைவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இல்லை.

ஆனால், தற்செயல் அன்று என்பது நிறுவப்பட்டால் டெலிபதி நிறுவப்பட்டதாகாது. புள்ளியியல் தற்செயலை மட்டுமே விலக்கும். விலக்கிய இடத்தில் எதை வைப்பது என்று அது சொல்லாது. ரைன் காலத்து அட்டைகள் சிலவற்றில் குறியின் சாயல் பின்பக்கத்தில் தெரிந்தது என்பது பின்னர் வெளியானது. பியர்ஸ் வேறு கட்டடத்தில் இருந்ததால் அந்த விளக்கம் அவருக்குப் பொருந்தாது. 1960இல் டியூக்குக்கு நேரில் சென்ற பிரிட்டன் உளவியலாளர் சி. இ. எம். ஹான்சல் வேறொன்றைக் கவனித்தார்: நூலகத்தில் பியர்ஸைக் கண்காணிக்க எவரும் இல்லை, அவர் எழுந்துபோய் பிராட்டின் அறைக்குள் எட்டிப் பார்த்திருக்க வழி இருந்தது. பியர்ஸ் அப்படிச் செய்தார் என்று ஹான்சல் நிறுவவில்லை. குற்றம் நிறுவப்படாத ஒருவரை ஐயப்படுவது அநீதி என்று அதீத உளவியலாளர்கள், அதாவது இத்தகைய மனோசக்திகளை ஆராய்பவர்கள், குமுறினார்கள். அந்தக் குமுறல் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் ஆய்வகம் நீதிமன்றம் அன்று. அங்கே ஐயத்தின் பலன் சோதிக்கப்படும் கருத்துக்குப் போவதில்லை.

லண்டன் கணிதவியலாளர் எஸ். ஜி. சோல் 1940களின் தொடக்கத்தில் செய்த சோதனைகள் ரைனுடையவற்றைவிடக் கறாரானவை என்று நெடுங்காலம் புகழப்பட்டன. அவருடைய பதிவேடுகளில் எண்கள் திருத்தப்பட்டிருந்ததை 1978இல் பெட்டி மார்க்விக் காட்டினார். ரைனின் சொந்த நிறுவனத்திலேயே, அவருக்கு வாரிசாகக் கருதப்பட்ட வால்டர் லெவி 1974இல் கருவியின் பதிவில் கைவைத்தபோது பிடிபட்டார். பிடித்தவர்கள் அவருடைய சக ஆய்வாளர்கள். அதை வெளியுலகுக்கு அறிவித்தவர் ரைனே என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

ஏமாற்றைக் கண்டறியும் வேலையில் அறிவியலாளர்கள் அத்தனை வல்லவர்கள் அல்லர், ஏனெனில் அவர்கள் பழகிய எலெக்ட்ரான்களும் பாக்டீரியாக்களும் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. 1979இல் மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, செயின்ட் லூயிஸ் நகரில் 5 லட்சம் டாலர் நன்கொடையில் தொடங்கப்பட்ட ஓர் ஆய்வகத்துக்கு இரண்டு இளம் வித்தைக்காரர்களை மனோசக்தி உடையவர்களாக அனுப்பிவைத்தார். என்னென்ன முன்னெச்சரிக்கைகள் வேண்டும் என்று ஆய்வகத்துக்கு முன்கூட்டியே கடிதமும் எழுதியிருந்தார். ஆயினும் அவ்விருவரும் கைவித்தையால் கரண்டி வளைத்து நீண்ட காலம் தாக்குப்பிடித்தார்கள். 1983இல் ராண்டியே உண்மையைப் போட்டு உடைத்தார்.

இவையெல்லாம் ஓட்டையும் மோசடியும் பற்றியவை. இவற்றைவிட ஆழமான கதை, மோசடி செய்ததாக எவரும் குற்றஞ்சாட்டாத ஒருவருடையது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம் சமூக உளவியலில் மிகுந்த மதிப்புப் பெற்றவர். 2011இல், தம் துறையின் முதன்மையான ஆய்விதழில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஒன்பது சோதனைகளை அவர் வெளியிட்டார். முதல் சோதனையில் நூறு மாணவர்கள் கணினித் திரையில் தெரிந்த இரண்டு திரைச்சீலைகளில் எதற்குப் பின்னால் படம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லி முடித்த பிறகுதான் கணினி குருட்டுவாக்கில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். சாதாரணப் படங்களில் விடைகள் 50 விழுக்காட்டையே ஒட்டி இருந்தன. பாலுணர்வைத் தூண்டும் படங்களில் மட்டும் 53.1 விழுக்காடு சரியாக இருந்தன. ஒன்பதில் எட்டுச் சோதனைகள் உளவியலில் வழக்கமாகக் கேட்கப்படும் புள்ளியியல் வாசலைக் கடந்தன. உளவியலாளர்களுக்கு இது பெரும் சங்கடம், ஏனெனில் பெம் கையாண்டவை அவர்கள் எல்லோரும் நாள்தோறும் கையாளும் முறைகளே. இந்த முடிவு தவறென்றால் அந்த முறைகளில் வந்த மற்ற முடிவுகளை எப்படி நம்புவது?

அந்த வாசல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். விளைவு ஏதும் இல்லாதபோதும், தற்செயலால் மட்டும் இத்தகைய தரவு கிடைக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் குறைவு என்றால் அந்த முடிவைக் கவனிக்கத்தக்கது என்று ஏற்பது மரபு. ஒரே ஒரு கேள்வியை முன்பே தீர்மானித்து, ஒரே ஒருமுறை கணக்கிடும் வரையில் இது சரி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது கேள்விகளைக் கேட்டால், எதிலுமே விளைவு இல்லாவிட்டாலும், குறைந்தது ஒன்றாவது வாசலைத் தாண்டிவிடும் வாய்ப்பு 64 விழுக்காடு. தரவு சேரச் சேர இடையிடையே பத்து முறை கணக்குப் போட்டுப் பார்த்து, சாதகமாக வந்த இடத்தில் நிறுத்திக்கொள்வதாக இருந்தால், 5 விழுக்காடாக இருக்க வேண்டிய பிழை 19 விழுக்காடு அளவுக்கு உயர்ந்துவிடும். இதற்குத் தீய எண்ணம் தேவையில்லை. பலித்ததை மட்டும் நினைவில் வைக்கும் அதே மனம் இங்கே கணினியின் முன் அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் ஆகிய மூவர், இத்தகைய சலுகைகளைப் பயன்படுத்தினால் ஒரு குறிப்பிட்ட பாடலைக் கேட்டவர்களின் வயதே ஓராண்டுக்கு மேல் குறைந்துவிட்டதாகக்கூட நிறுவலாம் என்று உண்மையான தரவைக் கொண்டே காட்டினார்கள்.

இன்னொரு விமர்சனம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து எரிக்-யான் வாகன்மேக்கர்ஸ் குழுவினரிடமிருந்து வந்தது. தெருவில் மாடு நிற்கிறது என்று ஒருவர் சொன்னால் எட்டிப் பார்க்காமலே நம்புகிறோம். மாடு பறக்கிறது என்று அவரே சொன்னால் அவருடைய நேர்மை மட்டும் போதாது. புதிய சான்று பழைய அறிவின் மேல்தான் வந்து சேர்கிறது என்பதைக் கணக்கில் கொள்ளும் பேயஸ் முறையில் பார்த்தால், காரணத்துக்கு முன்னால் விளைவு வரும் என்ற கூற்றுக்கு 53 விழுக்காடு மிகவும் மெலிந்த சான்று. நம்புகிறவரும் ஐயுறுகிறவரும் ஒரே தரவைப் பார்த்து வெவ்வேறு முடிவுக்கு வருவது எப்போதும் பிடிவாதத்தால் அன்று என்பதையும் இந்த முறை விளக்குகிறது. ஆனால் முன்நம்பிக்கையைச் சுழியமாகவே வைத்துக்கொண்டு எந்தச் சான்றையும் பார்க்க மறுக்கும் ஐயவாதியை எந்தத் தரவாலும் அசைக்க முடியாது. அவர் இந்த விவாதத்தில் பங்கேற்கவே இல்லை என்பேன்.

எஞ்சியது மறுபடி செய்து பார்ப்பது. பெம்மின் ஒரு சோதனையை ரிச்சி, வைஸ்மன், பிரெஞ்ச் ஆகியோர் மூன்று இடங்களில் செய்து எதையும் காணவில்லை. பெம்மை வெளியிட்ட அதே ஆய்விதழ், மறுசோதனைகளைத் தாங்கள் வெளியிடுவதில்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. வேறொரு குழு 3,289 பேரிடம் நடத்திய ஏழு சோதனைகளிலும் விளைவு இல்லை. பெம் கிளப்பிய கலக்கம் துறை முழுவதையும் தொட்டது: 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, 36 விழுக்காடே மீண்டும் வாசலைக் கடந்தன.

இதற்கு மருந்தாக உளவியல் கைக்கொண்டது முன்பதிவு, அதாவது எதை, எத்தனை பேரிடம், எந்தக் கணக்கால் சோதிப்போம் என்பதைத் தரவு திரட்டும் முன்பே எழுதி ஒப்படைத்துவிடுவது. வேடிக்கை என்னவென்றால், உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஜான்சன் தம் அதீத உளவியல் ஆய்விதழில் 1976 முதலே இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார். 1992 வரை அது நடந்தது. பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது, முன்பதிவு செய்யாத கட்டுரைகளின் சோதனைகளில் ஏறத்தாழ 28 விழுக்காடு வாசலைக் கடந்திருந்தன. முன்பதிவு செய்தவற்றில் ஏறத்தாழ 8 விழுக்காடு.

பெம்மின் முதல் சோதனைக்கும் இதே வழியில் கணக்குத் தீர்க்கப்பட்டது. முன்னுணர்வை நம்பும் ஆய்வாளர்களும் மறுப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து வடிவமைப்பை முடிவு செய்தார்கள். எந்த முடிவு வந்தால் எதை ஏற்பது என்பதும் முன்பே எழுதப்பட்டது. பத்து ஆய்வகங்களில் 2000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். எவரும் பின்னால் கைவைக்க இயலாதபடி தரவு அவ்வப்போதே பொதுவெளிக்குச் சென்றது. 2023இல் வெளியான அந்த ஆய்வில் சரியான விடைகளின் அளவு 49.89 விழுக்காடு.