இணைய இணைப்பு எப்போது உரிமையாகிறது?

ஊர்க்கோடியில் தனியாக நிற்கும் ஒரு வீட்டுக்காகக் கேபிள் இழுப்பது எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. இப்படி விடுபடுகிறவர்களுக்காகப் பல நாடுகளில் ஒரு விதி இருக்கிறது: கேட்கிற எவருக்கும் குறைந்தபட்ச வேகத்தில், தாங்கக்கூடிய கட்டணத்தில் இணைப்பு கொடுத்தே ஆகவேண்டும். முன்பு தொலைபேசிக்கு இருந்த விதியைத்தான் இணையத்துக்கும் நீட்டியிருக்கிறார்கள். பின்லாந்து 2010 ஜூலையிலேயே நொடிக்கு 1 மெகாபிட் வேக இணைப்பைச் சட்டப்படி உரிமையாக்கிவிட்டது.

பிரிட்டனில் இது 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பதிவிறக்கத்துக்கு 10 மெகாபிட், பதிவேற்றத்துக்கு 1 மெகாபிட் கிடைக்காத வீட்டுக்காரர் விண்ணப்பிக்கலாம். இணைப்பு கொடுக்க 3,400 பவுண்டு வரை ஆனால் அவர் அந்தச் செலவை ஏற்க வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் கூடுதல் தொகை அவர் தலையில். சிக்கல் இங்கேதான் வந்தது. ஒரே தெருவில் நாலு வீட்டுக்கும் பயன்படப்போகிற கம்பிக்கான கூடுதல் செலவு முழுவதையும் முதலில் கேட்டவரிடமே வசூலிக்கப் பார்த்தது இணைப்பு கொடுக்கும் நிறுவனம். ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்ட பிறகுதான் செலவைப் பங்கு பிரிக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. விதியில் 'உரிமை' என்று எழுதியிருந்தாலும் கணக்குப் போடும் முறையைப் பார்க்காமல் நம்பக் கூடாது.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் வாங்கும் வரியிலிருந்து. இந்தியாவில் அவற்றின் சரிகட்டப்பட்ட வருமானத்தில் (சில கழிவுகள் போக மிஞ்சுவதில்) 5 சதவீதம் இதற்கென்று போகிறது. தனி நிதி இல்லாமல் ஆண்டு ஒதுக்கீட்டை நம்பினால் ஆபத்து. அமெரிக்காவில் சுமார் 2.3 கோடிக் குடும்பங்களுக்கு பொதுவாக மாதம் 30 டாலர் வரை கட்டணச் சலுகை கொடுத்த திட்டம், நாடாளுமன்றம் மேலும் பணம் ஒதுக்காததால் 2024-இல் நின்றுபோனது.

கம்பியும் கோபுரமும் மட்டும் போதாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி இணையம் பயன்படுத்தாதவர்கள் 260 கோடிப் பேர். அவர்களில் பெரும்பாலோர் சிக்னல் எட்டும் இடத்தில்தான் இருக்கிறார்கள். கைபேசி விலை, மாதக் கட்டணம், பயன்படுத்தத் தெரியாமை, தன் மொழியில் ஒன்றும் இல்லாமை, இவைதான் தடை. தொடக்கநிலை இணைப்பின் கட்டணம் தனிநபர் மாத வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐ.நா. அகலக்கற்றை (பிராட்பேண்ட்) ஆணையத்தின் இலக்கு. இணைப்பு விதிகள் பலவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

உங்கள் நாட்டில் இப்படி ஒரு விதி இருந்தால் நாலு விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: எவ்வளவு வேகம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாளுக்குள், செலவு வரம்பு எவ்வளவு. அப்புறம் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடும்போது கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.