சர்வர் கோடில் மாட்யூல் மாறிகள்: ஒருவரின் தகவல் இன்னொருவருக்குப் போகும் வழி

ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸுக்கான கோடை ரிவ்யூ செய்ய அமரும்போது நான் முதலில் தேடுவது, எந்த ஃபங்ஷனுக்குள்ளும் அடங்காமல் கோப்பின் தலைப்பகுதியில் ‘லெட்’ கொண்டு அறிவிக்கப்பட்ட மாறிகளைத்தான். ஒரு மாட்யூல், அதாவது தனிக் கோப்பாக உள்ள கோடு, முதன்முறை ஏற்றப்படும்போது மட்டுமே இயங்குகிறது. பின்னர் எத்தனை கோப்புகள் அதை இம்போர்ட் செய்தாலும் கேஷில், அதாவது நினைவகத்தில், ஏற்கெனவே இருக்கும் அதே மாட்யூல்தான் கிடைக்கும். டேட்டாபேஸ் இணைப்பை ஓரிடத்தில் வைத்துக்கொள்ள இது வசதியானது. உள்நுழைந்த பயனரின் விவரத்தை அங்கே வைப்பதுதான் ஆபத்து.

லாகின் சரிபார்க்கும் ஃபங்ஷன் ‘கரன்ட்யூசர்’ என்ற மாட்யூல் மாறியில் முதல் பயனரின் அடையாள எண்ணை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் பட்டியலைத் தரும் ஃபங்ஷன் டேட்டாபேஸின் பதிலுக்காக ‘அவெய்ட்’ வரியில் நிற்கும் இடைவெளியில் இரண்டாவது கோரிக்கை வந்து, அதே மாறியில் வேறோர் எண்ணை எழுதிவிடுகிறது. முதல் கோரிக்கை மீண்டும் தொடரும்போது, மற்றவருடைய எண்ணைப் படித்து, மற்றவருடைய ஆர்டர் பட்டியலை அனுப்பிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே வேலையாக, ஓடுவதால் இப்படி நேராது என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அந்தப் பாதுகாப்பு இரண்டு அவெய்ட்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு மட்டுமே உரியது.

மதிப்பு மாறவே இல்லை என்ற எதிர்ப்புறப் புகாரும் வரும். மாட்யூலை ஏற்றும் பழைய முறையான ‘ரிக்வயர்’ செய்யும்போதே அதிலுள்ள ஓர் எண்ணைப் பிரித்து எடுத்துக்கொண்டால், கையில் இருப்பது அந்நேரத்து நகல் மட்டுமே. 2015-இல் வந்த இம்போர்ட் முறையில் மூல மாறியின் புதிய மதிப்பு தெரியும். ஆனால் இம்போர்ட் செய்த கோப்பிலிருந்து அதற்கு நேரடியாக மதிப்பிட முடியாது, மாற்றும் ஃபங்ஷனை மூல மாட்யூலே தர வேண்டும்.

கோரிக்கைக்கு உரிய தகவலை ஆர்க்யுமென்ட்டாகவே கடத்துங்கள் என்பதே என் பரிந்துரை. அழைப்பு பல அடுக்குகள் ஆழமாகப் போய், இடையிலுள்ள ஃபங்ஷன்கள் தமக்குத் தேவையில்லாததைச் சுமக்க நேர்ந்தால், 2020-இல் நோட்.ஜேஎஸ் சேர்த்த ‘அசிங்க்லோக்கல்ஸ்டோரேஜ்’ வசதியை, அதாவது ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாகத் தகவலை வைத்திருக்கும் இடத்தை, பயன்படுத்தலாம். லாகிங்கிற்கான (நிகழ்வுகளைப் பதிவுசெய்வதற்கான) கோரிக்கை எண்ணைத் தவிர வேறெதையும் அதில் வைக்க நான் தயங்குவேன்.

டெவலப்பர் தன் கணினியில் தனியாக கிளிக் செய்து பார்க்கும்போது இந்தப் பிழை தலைகாட்டாது. ஆகவே டெஸ்ட்டில் முதல் கோரிக்கையின் டேட்டாபேஸ் பதிலைச் செயற்கையாக 200 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தி, வேறொரு பயனரின் கோரிக்கையை பல வேலைகளுக்கு ஒன்றாகக் காத்திருக்கும் ‘பிராமிஸ்.ஆல்’ மூலம் உடன் அனுப்பி, இரண்டு பதில்களிலும் உள்ள பயனர் எண்ணைச் சரிபாருங்கள்.