கோர்ட் மார்ஷலுக்குத் தமிழ் என்ன?

போன ஞாயிறு டிவியில் டப்பிங் போர்ப்படம் ஒன்று. கர்னல் "உனக்கு ராணுவ தண்டனைதான்!" என்று கத்துகிறார், உடனே ஒருவனின் தோளில் இருந்த பதவிப் பட்டையைப் பிய்த்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுகிறார்கள். வாயசைவில் இருந்தது 'கோர்ட் மார்ஷல்'. பக்கத்தில் மாமா, கம்மவான்பேட்டைக்காரர், சுபேதாராக ரிட்டையர் ஆனவர். "இன்னாடா, விசாரணையே நடக்கல, அதுக்குள்ள தண்டனையா?" என்றார்.

அதேதான் என் கோபமும். கோர்ட் மார்ஷல் என்பது விசாரிக்கிற மன்றம், தண்டனை இல்லை. மார்ஷல் என்பது மார்ஸ் என்ற ரோமானியப் போர்க்கடவுள் வழி வந்த சொல். அதைப் பிடித்துக்கொண்டு சிலர் 'போர் நீதிமன்றம்' என்கிறார்கள். லீவு முடிந்தும் யூனிட்டுக்குத் திரும்பாதவனையும் இதே மன்றம் விசாரிக்கலாமே, அங்கே போர் எங்கே வந்தது? 'ராணுவச் சட்டம்' என்று சப்டைட்டில் போடுபவர்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 'ராணுவத் தீர்ப்பாயம்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் என்று தனியாகவே ஒன்று உண்டு, கோர்ட் மார்ஷல் தீர்ப்பை எதிர்த்து அப்பீலுக்குப் போகும் இடம் அது. கீழே உள்ளதற்கும் மேலே உள்ளதற்கும் ஒரே பெயர் வைத்தால் அப்பீல் செய்பவன் எங்கே போவான்?

என் ஓட்டு 'படைமன்றம்' என்பதற்கு. 1950 ராணுவச் சட்டப்படி ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் உட்கார வேண்டும், மரண தண்டனைக்கு மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் மேலிடம் அதை உறுதி செய்ய வேண்டும். நிரந்தரக் கட்டடம் கிடையாது, கூடுவார்கள், விசாரிப்பார்கள், கலைவார்கள். கூடுகிற இடம்தானே மன்றம்? ரசிகர் மன்றம் மாதிரி இருக்கிறது என்றான் நண்பன். படை என்றால் தோலில் வருவதா என்றும் கேட்டான். சரி, கேட்கட்டும்.

நம் வேலூர்க் கோட்டையையே பாருங்கள். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ச்சி செய்தபோது, அதை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் ஆட்கள், அரண்மனையில் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள், விசாரணை ஏதும் இல்லை. பிறகு கம்பெனி விசாரித்து 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தது, 5 பேரைச் சுட்டது, 8 பேரைத் தூக்கிலிட்டது. விசாரித்த லட்சணம் எப்படியோ, இரண்டையும் 'ராணுவ தண்டனை' என்றே எழுதினால் சுவரோரம் செத்தவர்களையும் விசாரித்ததாக ஆகிவிடும்.